நல்ல சாப்பாடு வேறு, நல்ல பங்கு வேறு



நீளமான பதிவு. காபியை ஆற்றி வைத்துக்கொண்டு உட்காருங்கள். பாதியில் எழுந்து போகிறவர்கள் கடைசிப் பத்தியை மட்டுமாவது படித்துவிட்டுப் போங்கள். வகுப்பில் உங்களை அப்படி விட்டிருக்க மாட்டேன், இங்கே எனக்கு அந்த அதிகாரம் இல்லை.

போன வாரம் நம் 1998 பிளஸ் டூ குழுவில் ஒரு தம்பி ஒரு செய்தி போட்டான். பெயர் வேண்டாம், அவனுக்கே தெரியும். தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நகர்ந்து, வேண்டியதை வாங்கிக்கொண்டு, கடைசியில் பணம் கட்டும் உணவகச் சங்கிலி ஒன்று நம் பக்கம் கிளை பரப்புகிறதாம். இன்னும் சந்தையில் பட்டியலிடாத அதன் பங்குகள் ஒரு தரகரிடம் கிடைக்கிறதாம். "சார், வாரத்துல மூணு நாள் நான் அங்கதான் சாப்பிடறேன். எப்பவும் கூட்டம். இடமெல்லாம் சொந்த இடம். கண்ணை மூடிட்டு வாங்கலாம்" என்று எழுதியிருந்தான். அதற்கு வரிசையாகக் கட்டைவிரல் உயர்த்தியிருந்தீர்கள்.

அந்தச் செய்தி கை மாறி என் தங்கை வீட்டுக்காரரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. அன்று இரவே போன். "மச்சான், ரிடையர்மென்ட் பணத்துல எட்டு லட்சம் போடலாம்னு இருக்கேன். உங்க ஸ்டூடண்ட்தான் சொல்லியிருக்கான்." எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. நான் சொல்லிக்கொடுத்த கணக்குப்பதிவியலை வைத்துக்கொண்டா என் மாணவன் இப்படி ஒரு யோசனை சொல்கிறான்? சொல்லிக்கொடுத்தவனுக்கும் இதில் பங்கு உண்டு. அதனால்தான் இந்தப் பதிவு.

அந்த உரையாடலிலேயே ஹூஸ்டனில் இருக்கும் ஒரு மாணவி, "இங்கே லூபிஸ் அப்படித்தான் சார் இருந்துச்சு. கொரோனா மட்டும் வராம இருந்தா இன்னிக்கும் பெரிய கம்பெனியா ஓடியிருக்கும்" என்று எழுதினாள். இல்லை அம்மா. அதைத்தான் மறுக்கப் போகிறேன். லூபிஸ் கதையே உங்கள் எல்லோருக்கும் பதில்.

லூபிஸ் கடையை எனக்கும் தெரியும். 2017 ஜூனில் மகள் வீட்டில் இருந்தபோது நாலைந்து முறை போனோம். சைவம் சாப்பிடுகிறவனுக்கு அமெரிக்காவில் அது ஒரு சொர்க்கம். கண் முன்னால் வெண்டைக்காய் வறுவல், பீன்ஸ், உருளைக்கிழங்கு மசியல், சோள ரொட்டி என்று வரிசையாக இருக்கும். விரலைக் காட்டினால் தட்டில் வைப்பார்கள். ஆங்கிலம் தடுமாறுகிறவனுக்கும் பசியாறலாம். பரிமாறிய அம்மாள்கள் அவ்வளவு அன்பு. ஆனால் மாலை ஐந்து மணிக்கு அந்தக் கூடத்தைச் சுற்றிப் பார்த்தேன். எனக்கு அன்று அறுபத்திரண்டு வயது. அங்கே இருந்தவர்களில் நான்தான் இளையவன் போல இருந்தேன். மேஜைக்கு மேஜை ஊன்றுகோலும் நடைவண்டியும். பேரன் பேத்தியோடு வந்தவர்கள் ஒன்றிரண்டு மேஜைதான்.

நம் தம்பி கூட்டத்தைப் பார்த்தான். கூட்டத்தின் வயதைப் பார்த்தானா?

இப்போது வரலாறு. 1947ல் டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் தொடங்கிய கடை லூபிஸ். 1973ல் பொதுமக்களிடம் பங்கு விற்றது. கடை மேலாளருக்கு அந்தக் கடையின் லாபத்திலேயே பங்கு கொடுத்தார்கள். அதனால் அவர் அதைச் சொந்தக் கடை போலப் பார்த்துக்கொண்டார். அமெரிக்கத் தெற்கில் ஞாயிறு தேவாலயம் முடிந்தால் குடும்பத்தோடு நேரே அங்கே போவது வழக்கமாயிற்று. 1990களின் கடைசியில் 200க்கும் மேற்பட்ட கடைகள். அந்தக் காலத்தில் அதன் பங்கை வாங்கியவனை யாரும் முட்டாள் என்று சொல்லியிருக்க முடியாது. ஒழுங்காக ஈவுத்தொகை கொடுத்த நிறுவனம்.

2000ல் அந்த ஈவுத்தொகை நின்றது. 2001ல் ஹூஸ்டனின் புகழ்பெற்ற உணவகக் குடும்பத்தைச் சேர்ந்த பாப்பாஸ் சகோதரர்கள் தலைமைக்கு வந்தார்கள். தங்கள் சொந்தப் பணத்தில் 1 கோடி டாலர் கடனும் கொடுத்தார்கள். தொழில் தெரியாதவர்கள் என்று அவர்களைச் சொல்லவே முடியாது. கடைகளைக் குறைத்தார்கள், கடனைக் குறைத்தார்கள், சில ஆண்டுகள் லாபமும் காட்டினார்கள். ஆனால் கஃபடேரியா வளராது என்று அவர்களுக்கே தெரிந்துவிட்டது போலும். 2010ல் திவாலான நிறுவனத்திடமிருந்து ஃபட்ரக்கர்ஸ் என்ற பர்கர் சங்கிலியை சுமார் 6 கோடி டாலருக்கு வாங்கினார்கள். 2012ல் இன்னொரு பர்கர் சங்கிலி. இரண்டும் கைகொடுக்கவில்லை. 2018 நிதியாண்டில் விற்பனை 36 கோடி டாலருக்கு மேல், நட்டம் 3 கோடி டாலருக்கு மேல். அந்த டிசம்பரில் பழைய வங்கிக் கடனை அடைக்க 8 கோடி டாலருக்குப் புதிய கடன் ஏற்பாடு.

தேதியைக் கவனியுங்கள். இதெல்லாம் 2018. கொரோனா என்ற சொல்லை நீங்களும் நானும் கேள்விப்படாத வருடம். படுக்கையில் கிடந்த நோயாளியைக் கடைசியில் ஒரு காய்ச்சல் கொண்டுபோயிற்று என்றால், காய்ச்சலை மட்டும் குற்றம் சொல்வது மருத்துவம் ஆகாது.

லூபிஸ் மட்டுமா? லூசியானாவின் பிக்காடிலி 1998ல் தன் போட்டியாளரான மாரிசன்ஸை விலைக்கு வாங்கிப் பெரிதானது. 2003ல் திவால் மனு கொடுத்தது. அதே ஆண்டில் ஃபர்ஸ் நிறுவனமும் திவால். ஓல்ட் கன்ட்ரி பஃபே நடத்திய நிறுவனம் 2008, 2012, 2016 என்று மூன்று முறை திவால். ஒரு மாணவன் தேர்வில் தவறினால் அவனைப் பார்க்க வேண்டும். வகுப்பே தவறினால் பாடத்தைப் பார்க்க வேண்டும்.

பாடம் என்ன? பிளஸ் டூவில் நான் நடத்தியதுதான். நிலையான செலவு, மாறும் செலவு. மறந்திருந்தால் மறுபடி சொல்கிறேன். இது லூபிஸின் கணக்கு அல்ல, புரிவதற்காகக் கரும்பலகையில் போடும் கணக்கு.

ஒரு கடையில் விற்பனை 100 ரூபாய். சாமான் 30, சம்பளம் 40, கட்டடம், மின்சாரம், எரிவாயு 20. மிச்சம் 10. இப்போது பத்தில் ஒருவர் வருவதை நிறுத்துகிறார். விற்பனை 90. சாமான் 27 ஆகக் குறையும். சம்பளம் குறையுமா? வரிசையில் முப்பது பதார்த்தம் வைத்தே ஆக வேண்டும், பரிமாற ஆள் நின்றே ஆக வேண்டும். ஆக 40ம் 20ம் அப்படியே. மிச்சம் 3. நூறில் பதினைந்து பேர் வராவிட்டால் விற்பனை 85, சாமான் 25.50, மற்றது 60. அரை ரூபாய் நட்டம். பதினைந்து பேர் குறைந்ததை வாசலில் நின்று பார்க்கிறவனால் கண்டுபிடிக்கவே முடியாது. கடை அப்போதும் 'கூட்டமாக'த்தான் இருக்கும். லாபம் மட்டும் முழுதாகப் போயிருக்கும்.

கஃபடேரியாவுக்கு இந்த நோய் மற்ற உணவகங்களைவிடக் கடுமை. காரணங்கள் சொல்கிறேன்.

ஒன்று, வாடிக்கையாளர் கேட்பதற்கு முன்பே சமைத்தாக வேண்டும். சாதாரண ஓட்டலில் ஆர்டர் வந்த பிறகு தோசை ஊற்றுகிறார்கள். இங்கே ஆவி மேஜையில் எல்லாம் தயாராக நிற்க வேண்டும். பதார்த்தம் தீர்ந்துபோனால் வந்தவர் முகம் சுளிப்பார், மிஞ்சினால் குப்பைக்குப் போகும்.

இரண்டு, கூலி. அமெரிக்காவில் டிப்ஸ் வாங்கும் பணியாளருக்கு முதலாளி கொடுக்க வேண்டிய மத்தியச் சட்டக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர்தான். 1991லிருந்து அது மாறவில்லை. மீதியை வாடிக்கையாளர் மேஜையில் வைத்துவிட்டுப் போகிறார். வரிசையில் நின்று கரண்டி பிடிக்கிறவருக்குப் பெரும்பாலும் டிப்ஸ் கிடையாது. அவர் கூலி முழுதும் முதலாளியுடையது. மேஜைக்கு வந்து பரிமாறும் உணவகத்துக்கு நிகரான ஆள்பலம், ஆனால் அங்கே கிடைக்கும் மதுபான லாபம் இங்கே கிடையாது.

மூன்று, கட்டடம். 8,000, 10,000 சதுர அடிக் கூடங்கள். காரில் உட்கார்ந்தபடியே வாங்கிப் போக வசதி செய்து பழகாத வடிவமைப்பு. மதியம் இரண்டு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம் நிரம்பும். மற்ற நேரமெல்லாம் காலி நாற்காலிக்குக் குளிர்சாதனம்.

நான்காவதுதான் முக்கியம். போட்டி. வாடிக்கையாளரைக் கட்டிப்போட அவர்களிடம் என்ன இருந்தது? ஒன்றுமில்லை. வங்கிக் கணக்கை மாற்றுவது தொல்லை, அதனால் சகித்துக்கொண்டு இருப்போம். மதியச் சாப்பாட்டுக்குக் கடை மாற்ற என்ன தொல்லை? அடுத்த சிக்னலில் வண்டியைத் திருப்பினால் போதும். மலிவு என்று பார்த்தால் துரித உணவுக் கடைகள் அதைவிட மலிவு. வீட்டுச் சாப்பாடு என்று பார்த்தால் டெக்சாஸின் ஹெச்இபி மளிகைக் கடையிலேயே சமைத்த உணவு கிடைக்கிறது. உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றால் மேஜைக்கே கொண்டுவரும் உணவகங்கள் ஆயிரம். நடுவில் நிற்கிறவனை எல்லாப் பக்கமும் இடிப்பார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வரிசை முறை தோற்கவில்லை. 1993ல் டென்வரில் தொடங்கிய சிப்போட்லே கடையில் நீங்கள் எல்லோரும் சாப்பிட்டிருப்பீர்கள். கண்ணாடிக்குப் பின்னால் பாத்திரங்கள், விரல் காட்டினால் கரண்டியில் எடுத்து வைப்பது, கடைசியில் பணம். அதே வரிசைதான். ஆனால் பாத்திரம் கொஞ்சம், கட்டடம் சிறிது, வருகிறவர் இளைஞர், பாதிப் பேர் கையில் எடுத்துக்கொண்டு போய்விடுவார். லூபிஸின் நல்ல யோசனையை எடுத்துக்கொண்டு, அதன் செலவுகளை வெளியே விட்டுவிட்டார்கள். யோசனை உங்களுடையது, லாபம் பக்கத்துக் கடைக்காரனுக்கு. போட்டியிலிருந்து காக்கும் சுவர் இல்லாத தொழில் என்றால் இதுதான்.

இன்னொரு சான்று லூபிஸுக்குள்ளேயே இருந்தது. மருத்துவமனைகளுக்குள் சாப்பாட்டுக் கூடம் நடத்திக் கொடுக்கும் சின்னப் பிரிவு ஒன்றை வைத்திருந்தார்கள். அதே தட்டு, அதே கரண்டி. ஆனால் நோயாளியைப் பார்க்க வந்தவருக்கும் இரவுப்பணி செவிலியருக்கும் வேறு எங்கே போவது? கட்டடமும் மருத்துவமனையுடையது. அதனால் அந்தப் பிரிவு தாக்குப்பிடித்தது. 2021ல் நிறுவனத்தின் நிர்வாகி ஒருவரே அதை வாங்கிக்கொண்டார். சமையல் ஒன்றுதான், நிற்கும் இடம் வேறு. முதலீடு செய்கிறவன் பார்க்க வேண்டியது அந்த நிற்கும் இடத்தை.

"சரி சார், நிலம் இருக்கே?" இதுதான் தம்பியின் பிரம்மாஸ்திரம். நியாயமான கேள்வி, நியாயமாகவே பதில் சொல்கிறேன். லூபிஸ் கையிலும் சொந்த நிலங்கள் நிறைய இருந்தன. 2019 ஜனவரியில் பண்டேரா என்ற முதலீட்டு நிறுவனம் இயக்குநர் குழுவில் தன் ஆட்களைக் கொண்டுவரப் போட்டியிட்டது. இயக்குநர்கள் பங்குதாரர் பணத்தைக் கரைக்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். தோற்றார்கள். பெரும் பங்குதாரர்களான பாப்பாஸ் சகோதரர்கள் இருந்த குழுவே நீடித்தது. 2020 செப்டம்பரில்தான் எல்லாவற்றையும் விற்றுப் பணத்தைப் பங்குதாரருக்குப் பிரித்துக் கொடுக்கும் திட்டம் வந்தது. பங்குக்கு 3 முதல் 4 டாலர் கிடைக்கும் என்று மதிப்பிட்டார்கள். நவம்பரில் பங்குதாரர்கள் ஒப்புதல் கொடுத்தார்கள். 2021ல் லூபிஸ் பெயரும் 32 கடைகளும் 2.87 கோடி டாலர் மதிப்பில் கை மாறின. ஃபட்ரக்கர்ஸ் 1.85 கோடிக்குப் போயிற்று. 6 கோடிக்கு வாங்கியது என்று மேலே எழுதியிருக்கிறேன், கழித்துப் பாருங்கள். நிலங்கள் தனித்தனியே விற்கப்பட்டன.

2020ன் அடிமட்ட விலையில் வாங்கியவர்களுக்கு நல்ல லாபம். மறைக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு லாபம் கொடுத்தது கடை ஓடியதா, கடையை மூடியதா? உணவகத்தை நம்பி முதலீடு செய்கிறேன் என்கிறவனுக்கு, அந்த உணவகம் செத்தால்தான் பணம் வரும் என்றால், அவன் வாங்கியது என்ன? அதுவும் எப்போது மூடுவது என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் அல்ல, இயக்குநர் குழு. அவர்கள் மனம் மாறும்வரை ஒவ்வொரு வருட நட்டமும் உங்கள் நிலத்தைத்தான் அடமானமாகத் தின்னும். 1990களில் வாங்கி வைத்திருந்த ஓய்வுபெற்ற மனிதர் இருபது வருடம் காத்திருந்து, கடைசியில் 3, 4 டாலருக்குக் கை நீட்டினார். அவரைப் பற்றி யாரும் குழுவில் செய்தி போடுவதில்லை.

சொந்த நிலத்தில் இன்னொரு கண்ணாமூச்சியும் உண்டு. கடை தன் இடத்தில் இருப்பதால் இலாப நட்டக் கணக்கில் வாடகை வராது. அதனால் லாபம் இருப்பது போலத் தெரியும். அதே இடத்தை வாடகைக்கு விட்டால் வரும் தொகையைவிட அந்த லாபம் குறைவு என்றால், கடை நட்டத்தில் ஓடுகிறது, நிலம் அதற்குச் சோறு போடுகிறது என்று பொருள்.

இவ்வளவு சொல்கிறேனே, நான் புத்திசாலியா? 1995ல் புதுப் பங்கு வெளியீடுகள் வெள்ளமாக வந்த காலம். எனக்கும் ஆசை. ஓர் ஓட்டல் கம்பெனி. அங்கே நெய் ரோஸ்ட் பிரமாதம். அந்த ஒரே காரணத்துக்காக வருங்கால வைப்பு நிதியில் கடன் எடுத்துப் பத்தாயிரம் ரூபாய் போட்டேன். இருப்புநிலைக் குறிப்பைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. பகலில் உங்களுக்கு விகிதப் பகுப்பாய்வு நடத்திக்கொண்டிருந்த அதே மனிதன்! மூன்று வருடத்தில் கம்பெனியே காணாமல் போயிற்று. பங்குச் சான்றிதழ் இன்னும் பீரோவில் இருக்கிறது. உங்கள் அத்தைக்கு, அதாவது என் மனைவிக்கு, அந்த வருடம் கல்யாண நாளுக்கு எடுப்பதாகச் சொன்ன பட்டுப்புடவை 2003ல்தான் வந்தது. எனக்கு அது பத்தாயிரம். என் மாப்பிள்ளைக்கு இது எட்டு லட்சம். வயது அறுபது, அடுத்த சம்பளம் கிடையாது.

நான் உணவகங்களுக்கு எதிரி இல்லை. ஹூஸ்டனில் கிளெபர்ன் கஃபடேரியா என்று ஒரே ஒரு கடை, 1941லிருந்து இருக்கிறது. 2016ல் தீப்பிடித்து எரிந்தது. அந்தக் குடும்பம் மறுபடி கட்டி 2017ல் திறந்தது. முதலாளி வாசலிலேயே நிற்கும் ஒற்றைக் கடைக்கு அது சாத்தியம். அவர்கள் ஒவ்வொரு காலாண்டும் வளர்ச்சி காட்ட வேண்டியதில்லை, பங்கு விலையைக் காப்பாற்ற பர்கர் கடை வாங்க வேண்டியதில்லை. அங்கே போய்ச் சாப்பிடுங்கள், வயிறார வாழ்த்துங்கள். நல்ல சாப்பாட்டுக்கு நாம் செலுத்த வேண்டிய மரியாதை பில் தொகை. சேமிப்பு அல்ல.

ஆகவே தம்பி, நீ பங்கு வாங்கு, வேண்டாம் என்று சொல்லவில்லை. நாலு கேள்விக்குப் பதில் வாங்கிக்கொண்டு வாங்கு. ஏற்கெனவே திறந்த பழைய கடைகளில் மட்டும் வாடிக்கையாளர் எண்ணிக்கை மூன்று வருடமாகக் கூடுகிறதா, குறைகிறதா? விலையைப் பத்து ரூபாய் ஏற்றினால் யார் எதிர்க் கடைக்குப் போவார்? சொந்த இடத்துக்கு வாடகை போட்டுக் கணக்கு எழுதினால் லாபம் மிஞ்சுகிறதா? தொழில் படுத்தால் நிலத்தை விற்றுப் பணம் கொடுக்கச் சொல்ல உனக்கு அதிகாரம் உண்டா? இதில் ஒன்றுக்குக்கூட 'எப்பவும் கூட்டம்' என்பது விடை இல்லை. எழுதியிருந்தால் மதிப்பெண் போட்டிருக்க மாட்டேன்.

மாப்பிள்ளையிடம் மூன்று வருட இருப்புநிலைக் குறிப்பைக் கேட்டுத் தரகருக்கு எழுதச் சொன்னேன். நேற்றுப் பதில் வந்தது. "அதெல்லாம் எதுக்கு சார்? ஞாயித்துக்கிழமை மதியம் கடைக்கு வந்து கூட்டத்தைப் பாருங்க." மாப்பிள்ளை எனக்கு அதை அனுப்பிவைத்து, கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: "ஞாயித்துக்கிழமை போய்ச் சாப்பிட்டுட்டு மட்டும் வந்துடலாமா மச்சான்?"

போகிறோம். பில் நான் கொடுக்கிறேன். தம்பி, நீயும் வா.

அன்புடன்,
உங்கள் வணிகவியல் வாத்தியார்